கணக்கு உதைக்கும் இடம்

கோயிலில் தீபாராதனை முடிந்து தட்டு வெளியே வரும்போது சூடம் எரிந்து தீர்ந்திருக்கும். சாம்பல் இல்லை, மிச்சம் இல்லை. ஆன்மா தன்னை எரித்துக்கொண்டு இறைவனோடு கலப்பதற்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் கிடையாது என்று சமயச் சொற்பொழிவாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். கேட்பவர்களுக்கும் அது சட்டென்று பிடிபடுகிறது. கண்ணெதிரே ஒரு வெள்ளைக் கட்டி இல்லாமல் போயிருக்கிறதே!

அதே சூடத்தைப் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி வேதியியல் நோட்டில் எழுதிப் பார்த்தால் வேறு கதை வரும். சூடத்தின் ஒரு மூலக்கூறில் 10 கார்பன் அணுக்கள், 16 ஹைட்ரஜன் அணுக்கள், ஓர் ஆக்சிஜன் அணு. முழுமையாக எரிந்தால் 152 கிராம் சூடம், காற்றிலிருந்து 432 கிராம் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு, 440 கிராம் கார்பன் டை ஆக்சைடையும் 144 கிராம் நீராவியையும் கொடுக்கும். கூட்டிப் பார்த்தால் இரு பக்கமும் 584. ஒரு கிராம் சூடம் எரிந்து முடிந்த பிறகு, கிட்டத்தட்ட நான்கு கிராம் எடையுள்ள வாயுக்களாக அந்த மண்டபத்துக்குள்ளேயே உலவிக்கொண்டிருக்கிறது. நடைமுறையில் கொஞ்சம் கரிப்புகையும் சேரும்; அதையும் சேர்த்து எடைபோட்டால் கூட்டல் மாறாது.

இதனால் சொற்பொழிவு பொய்யாகிவிடவில்லை. அது ஆணவம் கரைவதைப் பற்றிப் பேசுகிறது. ஆனாலும் இங்கே கவனிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கண் 'போய்விட்டது' என்கிறது. பாடம் 'போகவில்லை' என்கிறது. மாணவி அந்தக் கார்பன் டை ஆக்சைடைப் பார்க்கவில்லை, எடைபோடவும் இல்லை. விதி அப்படிச் சொல்வதால் ஏற்றுக்கொள்கிறாள். இந்த நம்பிக்கை எந்த வகையைச் சேர்ந்தது? சன்னதியில் கைகூப்பி நிற்பவரின் நம்பிக்கையும் இதுவும் ஒன்றுதானா?

நிறை மாறா விதிக்கும் ஆற்றல் மாறா விதிக்கும் பள்ளிப் புத்தகத்தில் ஆளுக்கு ஒரு வரிதான். ஆக்க முடியாது, அழிக்க முடியாது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றலாம். எழுதினால் இரண்டு மதிப்பெண். அந்த வரி தோற்றுப்போகும் விளிம்புவரை சென்று திரும்பிய வரலாறு பாடத்தில் வருவதில்லை. அது தெரியாததால்தான் அந்த ஒற்றை வரியை மேடையில் தூக்கிவைத்து எதற்கு வேண்டுமானாலும் சாட்சி சொல்ல வைக்க முடிகிறது.

மேடையில் அடிக்கடி கேட்கும் வாதம் இது: ஆற்றலை அழிக்க முடியாது என்று அறிவியலே சொல்லிவிட்டது, ஆகவே ஆன்மா அழியாது, நம் முன்னோர் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள். இதில் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

முன்னோர் பற்றிய கூற்றில் உண்மை இருக்கிறது. சைவ சித்தாந்தம் ஏற்றுக்கொண்ட சற்காரியவாதம், காரியம் தோன்றும் முன்பே காரணத்துக்குள் நுண்மையாக இருக்கிறது என்கிறது. அறவே இல்லாதது தோன்றாது. உள்ளது அறவே இல்லாமல் போகாது. உலகம் மாயை என்ற முதற்பொருளிலிருந்து விரிந்து, திரும்ப அதிலேயே ஒடுங்குகிறது. அதற்கும் முந்தைய குரலை மணிமேகலையின் 27ஆம் காதையில் கேட்கலாம். வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். ஆசீவகர் அவளுக்குச் சொல்வது அணுக் கொள்கை. அணுக்கள் சிதையா, புதிதாகப் பிறவா, ஒன்றுக்குள் ஒன்று புகா. சேர்வதும் பிரிவதுமே உலகத்தின் மாற்றங்கள். அப்படியானால் அணு ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை? மாலை மங்கலில் ஒற்றை மயிர் தெரியாது, திரண்ட மயிர் தெரியும் என்பது அவர் தரும் விளக்கம். பார்வைக்கு எட்டாத ஒன்றைப் பற்றி இவ்வளவு தெளிவாக யோசித்த மரபு எந்த மொழிக்கும் பெருமை.

சற்காரியவாதத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவும் இல்லை. நியாய, வைசேடிக அறிஞர்கள் எதிர்த்து நின்றார்கள். குடம் மண்ணுக்குள் ஏற்கெனவே இருந்தால் குயவனுக்கு என்ன வேலை, காரியம் புதிதாகத்தான் தோன்றுகிறது என்றார்கள். நூற்றாண்டுக் கணக்கில் நடந்த வழக்கு அது, இரு தரப்பிலும் மிகக் கூரிய மூளைகள். ஆனால் வழக்கு முழுக்க முழுக்கத் தர்க்கத்தின் களத்திலேயே நடந்தது. எந்த ஒரு நாளில், எந்த ஒரு அளவையில் எதிர்த்தரப்பு தோற்கும் என்று யாரும் குறித்துக்கொடுக்கவில்லை.

ஆன்மாவைப் பற்றிய கூற்று நிற்காது. காரணம் எளிது. ஆற்றல் மாறா விதி காப்பாற்றுவது ஒரு கூட்டுத்தொகையை மட்டுமே. எந்த உருவமும், எந்தத் தனித்தன்மையும், எந்த நினைவும் நிலைக்கும் என்று அது உறுதி தரவில்லை. சூடத்தில் கார்பன் அணுக்களின் எண்ணிக்கை பிழைக்கிறது, சூடம் பிழைப்பதில்லை. மனித உடல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. ஆன்மா என்பது அந்த வகை ஆற்றல்தான் என்றால், அது அறைக்காற்றில் பரவிக் காணாமல் போகும் வெதுவெதுப்பு. எந்தப் பக்தரும் ஆசைப்படும் அழியாமை அதுவாக இருக்க முடியாது. சைவ சித்தாந்தமே இதை ஒப்புக்கொள்ளாது. அதன் பார்வையில் உயிர் அறிவுடைய பொருள். மாயையின் விரிவெல்லாம் சடம். ஜூலில் அளக்கப்படும் ஆற்றல் சந்தேகமில்லாமல் சடத்தின் பக்கம்தான் வரும். விதியை ஆன்மாவுக்குச் சாட்சியாக இழுப்பவர், தாம் உயர்த்த நினைத்ததைத் தம்மை அறியாமல் கீழே இறக்கிவிடுகிறார்.

இனி விதியின் கதைக்கு வருவோம்.

லவாய்சியர் பாரிஸில் வேதியியல் செய்தவர். அரசருக்காக வரி வசூலித்த தனியார் அமைப்பிலும் பங்குதாரர். அந்தத் தொடர்புக்காகவே 1794 மே 8 அன்று கில்லட்டினுக்குப் போனார். 1789இல் வெளியான பாடநூலில் அவர் எழுதிய ஒரு கருத்து கவனத்துக்குரியது. வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு ஒன்றே என்பதை மறுக்க முடியாத அடிப்படையாக எடுத்துக்கொள்ளலாம், வேதியியல் சோதனை செய்யும் கலை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது என்றார். தராசில் அளந்து அளந்து கடைசியில் கண்டுபிடித்த முடிவாக அவர் அதைச் சொல்லவில்லை. அதை முதலில் நம்பினார். பிறகு அந்த நம்பிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எது காணாமல் போயிருக்கிறது, எது கூடியிருக்கிறது என்று தேடினார். அறிவியலில் நம்பிக்கைக்கு இடமே இல்லை என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

தேர்வு பிறகுதான் வந்தது. ஜெர்மானிய வேதியியலாளர் ஹான்ஸ் லாண்டோல்ட் மூடிய கண்ணாடிக் குழாய்களுக்குள் வினைகளை நடத்தி ஆண்டுக்கணக்கில் எடைபோட்டுப் பார்த்தார். பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வித்தியாசம் தென்படவில்லை. அவருடைய வேலை முடிவதற்குள் ஐன்ஸ்டீன் 1905இல் வேறொன்றைச் சொல்லிவிட்டார்: ஆற்றல் வெளியேறினால் நிறையும் குறையும். ஒரு கிலோ ஹைட்ரஜன் எட்டு கிலோ ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்தால் கிடைக்கும் நீர் சரியாக ஒன்பது கிலோ இருக்காது. வெளியேறிய வெப்பத்துக்கு ஈடாக ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்கு போல குறையும். எந்த வேதியியல் கூடத்துத் தராசும் அதைக் காட்டாது. ஆனாலும் லவாய்சியரின் அடிப்படை, கறாராகப் பார்த்தால், தவறிவிட்டது. அது இன்னும் பெரிய ஒரு விதிக்குள் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பெரிய விதிக்கும் சோதனை வந்தது. வந்த இடம் அணுக்கரு.

சில கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கரு ஓர் எலக்ட்ரானை வெளியே தள்ளிவிட்டு வேறு தனிமமாகிறது. பீட்டா சிதைவு என்று பெயர். முன்னும் பின்னும் அணுக்கருவின் ஆற்றல் திட்டமானது. ஆகவே வெளிவரும் எலக்ட்ரானும் ஒரே திட்டமான ஆற்றலோடு வர வேண்டும். 1914இல் பெர்லினில் ஜேம்ஸ் சாட்விக் அளந்தபோது அப்படி வரவில்லை. ஒரே பொருளிலிருந்து வேகமான எலக்ட்ரான், மெதுவான எலக்ட்ரான், இடைப்பட்டது எல்லாம் வந்தன. அந்த ஆண்டே போர் மூண்டதால் பிரிட்டிஷ்காரரான சாட்விக் பெர்லினுக்கு அருகே ஒரு முகாமில் அடைக்கப்பட்டார். கேள்வி அப்படியே கிடந்தது.

எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே ஆற்றலோடுதான் புறப்படுகின்றன, வெளியே வரும் வழியில் கொஞ்சம் இழந்துவிடுகின்றன என்று இயற்பியலாளர் லீஸ் மைட்னர் நினைத்தார். நியாயமான விளக்கம். இதைத் தீர்க்க, கேம்பிரிட்ஜில் சார்லஸ் எல்லிஸும் வில்லியம் வூஸ்டரும் 1927இல் செய்த சோதனை அழகானது. 'ரேடியம் ஈ' என்று அன்று அழைக்கப்பட்ட பிஸ்மத் வகையை ஈயத்துக்குள் அடைத்தார்கள். எலக்ட்ரான் வழியில் எதை இழந்தாலும் அது வெப்பமாக அந்த ஈயத்துக்குள்ளேயே தங்கிவிடும். தப்பிக்க வழியில்லை. மைட்னர் நினைத்தது சரியென்றால் ஒரு சிதைவுக்குச் சுமார் பத்தரை லட்சம் எலக்ட்ரான் வோல்ட் வெப்பம் கிடைக்க வேண்டும். கிடைத்தது சுமார் மூன்றரை லட்சம். மூன்றில் இரண்டு பங்கைக் காணோம். மைட்னர் நம்ப மறுத்து, ஆர்த்மானோடு சேர்ந்து தாமே ஒருமுறை அளந்தார். எல்லிஸ் சொன்னதுதான் சரி என்று 1930இல் தம் பெயரிலேயே வெளியிட்டார். தன் கருத்து தோற்றதைத் தானே அச்சில் ஏற்றிய அந்த நேர்மைக்காகவே அவரை மாணவர்கள் நினைவில் வைக்கலாம்.

கணக்கு உதைத்தது. என்ன செய்வது?

டேனிஷ் இயற்பியலாளர் நீல்ஸ் போர் விதியைக் கைவிடத் தயாரானார். அவருக்கு இது புதிதில்லை. 1924இலேயே கிராமர்ஸ், ஸ்லேட்டர் இருவரோடும் சேர்ந்து, அணுக்களின் உலகில் ஆற்றல் சராசரியாகத்தான் காக்கப்படுகிறது, ஒவ்வொரு நிகழ்விலும் அல்ல என்று முன்மொழிந்தவர். பெர்லினில் போத்தேயும் கைகரும், சிகாகோவில் காம்ப்டனும் சைமனும் 1925இல் செய்த சோதனைகள் அதைத் தகர்த்தன. போர் ஏற்றுக்கொண்டார். இப்போது 1930 மே மாதம் லண்டனில் ஆற்றிய ஃபாரடே நினைவுரையில் மீண்டும் அதே வாசலைத் திறந்தார்: பீட்டா சிதைவில் ஆற்றல் காக்கப்படுகிறது என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. போரைப் பொறுப்பற்றவர் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் கண்ணால் கண்டதை நம்பினார்.

இயற்பியலாளர் வொல்ஃப்காங் பாவுலி விதியை நம்பினார். 1930 டிசம்பர் 4 அன்று ட்யூபிங்கன் நகரில் கூடவிருந்த கதிரியக்க ஆய்வாளர்களுக்கு சூரிச்சிலிருந்து ஒரு கடிதம் அனுப்பினார். சூரிச்சில் ஒரு நடன விருந்து இருந்ததால் நேரில் வர முடியவில்லை என்றும் அதில் எழுதினார். எலக்ட்ரானோடு இன்னொரு துகளும் வெளியே வருகிறது. அதற்கு மின்சுமை இல்லை, நிறை மிகமிகக் குறைவு. காணாமல் போன ஆற்றலை அது கொண்டுபோய்விடுகிறது. வேறு வழியில்லாமல் செய்யும் காரியம் இது என்று அவரே ஒப்புக்கொண்டார். அச்சில் வெளியிடத் துணியவில்லை. அந்தத் துகளுக்கு நியூட்ரினோ என்ற பெயரைப் பரப்பி, 1934இல் முழுக் கோட்பாட்டையும் கட்டியவர் ஃபெர்மி. அதே ஆண்டு பெத்தேயும் பையர்ல்ஸும் கணக்கிட்டுப் பார்த்தபோது, ஆயிரம் ஒளியாண்டு தடிமனுள்ள திண்மப் பொருளையும் நியூட்ரினோ கடந்துபோகக்கூடும் என்று வந்தது. அதைப் பிடிக்க நடைமுறையில் வழியே இல்லை என்று முடிவுகட்டினார்கள்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். ஒரு விதி இருக்கிறது. உலகம் அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. விதியைக் காப்பாற்ற, யாரும் பார்க்காத, யாராலும் பார்க்க முடியாததாகத் தோன்றிய ஒரு துகளைச் சொல்கிறார் ஒருவர். 1929இல்தான் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து விலகியிருந்தவர் அவர். 'கண்ணுக்குத் தெரியாத கடவுளை நாங்கள் நம்பினால் மூடநம்பிக்கை, நீங்கள் செய்தால் அறிவியலா?' என்று ஒரு பக்தர் கேட்டால், அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. முழு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

இந்திய அளவையியலில் பாவுலி செய்ததற்கு ஒரு பெயர் ஏற்கெனவே உண்டு: அருத்தாபத்தி. மீமாம்சகர் தரும் எடுத்துக்காட்டு எல்லோருக்கும் தெரிந்தது. தேவதத்தன் பகலில் சாப்பிடுவதே இல்லை. ஆனால் உடம்பு பருத்திருக்கிறது. ஆகவே இரவில் சாப்பிடுகிறான். மணிமேகலையும் இந்த அளவையைச் சொல்கிறது, வேறு எடுத்துக்காட்டோடு: ஆயர்குடி கங்கையில் இருக்கிறது என்றால், கங்கைக் கரையில் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். முரணாகத் தெரியும் இரண்டு செய்திகளைப் பொருத்துவதற்கு, காணாத மூன்றாவது ஒன்றைக் கொள்வதுதான் அருத்தாபத்தி. தேவதத்தன் கதைக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று யோசித்தால் வியப்பாக இருக்கும். உணவில்லாமல் உடம்பு பெருக்காது என்ற எண்ணம் அங்கே சொல்லப்படாமலே இருக்கிறது. அது ஒரு மாறா விதி. அந்த விதியை எடுத்துவிட்டால் இரவுச் சாப்பாடு நிரூபணமாகாது. தேவதத்தன் விஷயத்தில் அந்த விதி செல்லாது என்று சொல்வதுதான் போர் எடுத்த வழி.

காட்சியை மட்டுமே நம்புவேன் என்பவருக்கும் மணிமேகலையில் பதில் இருக்கிறது. பூதவாதி, கண்ணால் கண்டது தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன் என்கிறான். அவள் சிரித்துவிட்டு, உன் தாய் தந்தையர் இவர்தான் என்பதை அனுமானம் இல்லாமல் எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். காணாததை ஊகிப்பது குற்றமென்றால் வாழ்க்கையே நடக்காது. ஆகவே அறிவியலும் சமயமும் பிரியும் இடம் 'கண்டதை நம்புதல், காணாததை நம்புதல்' என்ற கோடாக இருக்க முடியாது. இரண்டு தரப்பும் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டன.

பிரியும் இடத்தைக் காண, காணாததைக் கொண்டுவந்து தோற்றுப்போனவர்களைப் பார்க்க வேண்டும்.

எரியும் பொருளிலிருந்து ஃபிளாஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்று 18ஆம் நூற்றாண்டில் பெரும்பாலோர் நம்பினார்கள். உலோகங்களைச் சுட்டால் எடை கூடுகிறது என்று தெரிந்தபோது, ஒன்று வெளியேறினால் எடை எப்படிக் கூடும் என்ற கேள்வி எழுந்தது. ஃபிளாஜிஸ்டன் எடைக்கு நேர்மாறான இயல்புடையது, இருக்கும்போது பொருளை இலேசாக்குகிறது என்று சிலர் சொன்னார்கள். மரம் எரிந்தால் எடை குறைகிறதே என்றால் அதற்கு வேறு விளக்கம். எது நடந்தாலும் ஃபிளாஜிஸ்டனுக்குச் சேதமில்லை. அதுதான் அதன் நோய்.

பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியேயின் கதை இன்னும் பாடம் தருவது. யுரேனஸ் நியூட்டனின் கணக்குப்படி நகரவில்லை. நியூட்டனைக் கைவிடாமல், காணாத ஒரு கோள் அதை இழுக்கிறது என்று அவர் கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் கால்லே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. பிறகு புதன் கோளின் பாதை உதைத்தது; நூற்றாண்டுக்கு 43 வினாடிக் கோணம் என்பது இன்றைய கணக்கு. அதே ஆள், அதே முறை, அதே நம்பிக்கை: சூரியனுக்கு அருகே வல்கன் என்ற கோள் இருக்க வேண்டும் என்றார். சிலர் பார்த்ததாகவும் சொன்னார்கள். 1877இல் லெ வெரியே இறக்கும்வரை அந்த நம்பிக்கை போகவில்லை. வல்கன் என்று ஒன்று இல்லவே இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டீன் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டிலிருந்து அந்த 43 வினாடியை வரவழைத்தார். முதல் தடவை விதி வென்றது; இரண்டாம் தடவை விதியே மாற வேண்டியதாயிற்று. எந்தத் தடவை எது நடக்கும் என்று நம்புகிறவரின் மனவுறுதியை வைத்துச் சொல்ல முடியாது. லெ வெரியேயின் மனவுறுதி இரண்டு தடவையும் ஒன்றுதான்.

பாவுலியின் துகளுக்கும் ஃபிளாஜிஸ்டனுக்கும் உள்ள வேறுபாடு இங்கே இருக்கிறது. நியூட்ரினோ இருந்தால் பீட்டா நிறமாலைக்கு, அதாவது வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவலுக்கு, ஒரு கூர்மையான மேல்வரம்பு இருக்க வேண்டும். எந்த எலக்ட்ரானும் அதைத் தாண்டக் கூடாது. ஆற்றல் சராசரியாகத்தான் காக்கப்படுகிறது என்றால் அந்த வரம்புக்கு அவசியமில்லை. அளந்தார்கள், வரம்பு கூர்மையாக இருந்தது. 1936இல் போர், விதியைச் சந்தேகிக்க இனிக் காரணமில்லை என்று 'நேச்சர்' இதழில் எழுதினார். அப்போதும் துகளை யாரும் பிடித்திருக்கவில்லை.

பிடித்தது 1956இல். அமெரிக்காவின் சவானா ரிவர் அணு உலையிலிருந்து 11 மீட்டர் தொலைவில், பூமிக்கடியில், ஃபிரெட் ரைன்ஸும் கிளைட் கோவனும் காட்மியம் குளோரைடு கரைத்த தண்ணீர்த் தொட்டிகளை வைத்தார்கள். உலையிலிருந்து வரும், நியூட்ரினோவின் எதிர்த்துகளான எதிர்நியூட்ரினோ ஒன்று தண்ணீரின் புரோட்டானில் மோதினால் ஒரு பாசிட்ரானும் ஒரு நியூட்ரானும் பிறக்கும். பாசிட்ரான் உடனே அழிந்து இரண்டு காமா கதிர்களைத் தரும். சில மைக்ரோவினாடி கழித்து நியூட்ரானைக் காட்மியம் விழுங்கி இன்னொரு பளிச்சிடலைத் தரும். இந்த இரட்டைப் பளிச்சிடல்தான் முத்திரை. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் வினாடிக்குக் கோடிக்கணக்கில் பாய்ந்தும், மணிக்கு மூன்று போலத்தான் சிக்கின. உலை ஓடும்போது எண்ணிக்கை கூடியது, நிறுத்தினால் குறைந்தது. ஜூன் 14 அன்று பாவுலிக்குத் தந்தி போயிற்று. இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர் இறந்தார்.

உலையை நிறுத்தினால் குறைய வேண்டும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதில்தான் இந்த நம்பிக்கையின் தனித்தன்மை இருக்கிறது. குறையாமல் இருந்திருந்தால் பாவுலிக்குத் தோல்வி. சன்னதியில் நிற்பவரின் நம்பிக்கை அப்படி ஒரு நிபந்தனையை வைப்பதில்லை. வேண்டுதல் பலித்தாலும் பலிக்காவிட்டாலும் அவர் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார். அதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. அன்புக்கும் அடைக்கலத்துக்கும் அந்த இயல்பு பொருந்தும். குழந்தையின் மேல் தாய் வைக்கும் நம்பிக்கையும் அளவை பார்த்து வைப்பதில்லை. ஆனால் அந்த நம்பிக்கை அறிவியலின் பெயரை இரவல் வாங்கும்போது, அறிவியலின் நிபந்தனையையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். ஆற்றல் அழியாததால் ஆன்மா அழியாது என்பவர், எதிர்காலத்தில் ஏதாவது ஒரு சோதனையில் ஆற்றல் மாறா விதி தவறினால் ஆன்மாவும் அழியும் என்று ஒப்புக்கொள்ளத் தயாரா? தயாராக இல்லையென்றால் அந்தச் சாட்சியை அழைக்காமல் இருப்பதே நேர்மை.

எதிர்ப்பக்கத்துக்கும் இது பொருந்தும். இந்த விதிக்குள்ளேயே இரண்டு மதங்களைக் கண்டவர்கள் உண்டு. 1843இல் ஆங்கில இயற்பியலாளர் ஜூல், இயற்கையின் ஆற்றல்கள் படைத்தவனின் ஆணையால் அழிவற்றவை, படைக்கவும் அழிக்கவும் அவனுக்கு மட்டுமே உரிமை என்ற நம்பிக்கையோடு தம் அளவீடுகளைச் செய்தார். 12 ஆண்டு கழித்து லூட்விக் பியூக்னர் அதே அழியாமையைக் காட்டி, ஆக்கவே முடியாத ஒன்றுக்குப் படைத்தவன் எதற்கு என்று ஒரு நூல் எழுதினார். ஜெர்மனியில் அது பரபரப்பாக விற்றது. ஒரே வரி, நேர் எதிரான இரண்டு தீர்ப்புகள். வரி இரண்டையும் தரவில்லை என்பதுதான் உண்மை.

ஏன் தரவில்லை என்பதைக் கணிதவியலாளர் எமி நோய்தர் 1918இல் காட்டிவிட்டார். ஆற்றல் ஏன் மாறாமல் இருக்கிறது? இயற்கையின் நடைமுறை நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றாக இருப்பதால். காலத்தில் எங்கே நின்று பார்த்தாலும் சமன்பாடு மாறாத இடத்தில்தான் ஆற்றல் மாறாது. பெண் என்பதால் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு விரிவுரை உரிமை தரத் தயங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில் கிடைத்த விடை இது. விரியும் பிரபஞ்சத்தை முழுமையாக எடுத்துக்கொண்டால் இந்தச் சமச்சீர் அங்கே இல்லை. பிரபஞ்சம் இளமையாக இருந்தபோது சுமார் 3,000 கெல்வின் வெப்பத்தில் கிளம்பிய ஒளி இன்று 2.7 கெல்வினாகக் குளிர்ந்திருக்கிறது. ஒவ்வொரு ஒளித்துகளின் ஆற்றலும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. போன ஆற்றல் எந்த வரவில் சேர்ந்தது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் கிடையாது. வகுப்பறை விதி வகுப்பறைக்கும், அணு உலைக்கும், சூரியனுக்கும் உறுதியாகச் செல்லும். எல்லாவற்றின் தொடக்கத்தைப் பற்றிய வழக்கில் அதைச் சாட்சியாக நிறுத்த முடியாது.

அந்த வழக்கில் சைவ சித்தாந்தத்தின் நிலைப்பாடு கவனிக்கத்தக்கது. ஒன்றுமில்லாததிலிருந்து இறைவன் உலகைப் படைத்தான் என்று அது சொல்லவில்லை. மாயை முதற்காரணம், சக்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். மண், சக்கரம், குயவன். மண் எப்போதும் உண்டு. ஆகவே 'ஆக்க முடியாது' என்ற விதி இந்த இறைவனை எதிர்க்கவுமில்லை, ஆதரிக்கவுமில்லை. யூத, கிறித்தவ, இஸ்லாமிய மரபுகள் பெரும்பாலும் சொல்வது இன்மையிலிருந்து வந்த படைப்பு. அவர்களுக்கும் இந்த விதியால் பாதிப்பில்லை. விதியையும் சேர்த்துத்தான் அவன் படைத்தான் என்பார்கள். ஏன் எதுவுமே இல்லாமல் இருக்காமல் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதைக் கேட்கும் உரிமை இயற்பியலாளருக்கும் உண்டு, ஓதுவாருக்கும் உண்டு.

நியூட்ரினோவின் கணக்கும் 1956இல் முடிந்துவிடவில்லை. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக இறங்கி வேலைபார்த்த ஆழங்களில், காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடம் 1965இல் பதிவானது. உலகில் அப்படிப் பதிவான முதல் தடங்களில் ஒன்று அது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் ரே டேவிஸ் சூரிய நியூட்ரினோக்களை எண்ணியபோது எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. மறுபடியும் உதைத்தது. இந்தத் தடவை ஆற்றல் மாறா விதியும் தப்பில்லை, சூரியனைப் பற்றிய கணக்கும் தப்பில்லை. நியூட்ரினோ வழியிலேயே வகை மாறுகிறது என்று கனடாவின் சட்பரி ஆய்வகம் 2001, 2002 ஆண்டுகளில் காட்டியது. அப்படி மாறுவதற்கு நியூட்ரினோவுக்கு நிறை இருந்தாக வேண்டும். நிறையே இல்லை என்று பாடநூல்கள் அதுவரை எழுதியிருந்தன.

அந்த நிறை எவ்வளவு? ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில், 200 டன் எடையுள்ள ஒரு கருவி டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனின் பீட்டா சிதைவை அளந்துவந்தது. அது பார்த்தது சாட்விக் 1914இல் பார்த்த அதே வகை நிறமாலை. அதிலும் மேல்வரம்பின் விளிம்பை மட்டும். நியூட்ரினோவுக்கு நிறை இருந்தால் அந்த விளிம்பு நூலளவு முன்னதாகவே முடிந்துவிடும். எலக்ட்ரானின் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு என்பது 2025இல் வெளியான முடிவு. எவ்வளவு குறைவு என்பதற்கான எண் இன்னும் கிடைக்கவில்லை.